ஆச்சி ஊருக்குப் போகிறார், கிடா உங்களிடம் வருகிறது

கோட்டையூரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த வீட்டு ஆச்சி, மகளின் பிரசவத்துக்காக ஐப்பசித் தொடக்கத்தில் கோலாலம்பூர் போகிறார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். தாயில்லாத குட்டியாக வாங்கி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்த இரண்டு வயதுச் செம்மறிக் கிடாவை இவர் பொறுப்பில் விட்டுப் போகிறார். இவர் வீட்டில் இதுவரை கோழிகூட வளர்த்ததில்லை. என்ன தீனி போட வேண்டும், சோறு வைக்கலாமா, மழை வந்தால் வீட்டுக்குள் கட்டலாமா, ஏழு வயது மகன் அதோடு விளையாடலாமா, ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது என்று ஐந்து கேள்விகள். ஐந்தையும் சேர்த்துப் படித்தால் அவர் உண்மையில் கேட்பது ஒன்றுதான். ஆச்சி வரும் நாளில் கிடாவையும் உயிரோடு ஒப்படைக்க வேண்டும், அண்டைவீட்டு உறவும் முறியக்கூடாது; அதற்கு என்ன வழி?

நான் சிவகங்கை மாவட்டத்தில் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் பொறுப்பில் விடப்பட்ட ஆடுகளை இழுத்துக்கொண்டு பதறியபடி வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஆட்டைப் பட்டினி போட்டவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோருமே நன்றாகக் கவனித்தவர்கள்தான். கூடுதலாகக் கவனித்தார்கள், அதுதான் வினை. நம் பகுதியில் விருந்தாளி வந்தால் இலை நிரம்பப் பரிமாறாவிட்டால் மனம் ஆறாது. அந்தப் பழக்கத்தைச் செம்மறியிடம் காட்டினால் இரண்டே நாளில் அது படுத்துவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், கிடாவை விருந்தாளியாக நடத்தாதீர்கள் என்பதுதான். நேற்றுவரை ஆச்சி வீட்டில் என்ன தின்றதோ, எத்தனை மணிக்குத் தின்றதோ, எங்கே படுத்ததோ, அது அப்படியே தொடர வேண்டும்.

சோறு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வைக்கக்கூடாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆட்டின் பெரிய வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் தழையையும் செரிப்பது ஆடு அல்ல, அவைதான். அந்தக் கூட்டம் பழகிய தீனிக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். அங்கே திடீரென்று சோறு, கஞ்சி, பொங்கல், இட்லி, அரிசி, வாழைப்பழம் என்று மாவும் சர்க்கரையும் நிறைந்த பொருள் குவியலாகப் போய்ச் சேர்ந்தால், அதைத் தின்று அமிலம் சுரக்கும் உயிர்கள் பெருகி மற்றவற்றை அழித்துவிடும். பாத்திரத்தில் விட்ட இட்லி மாவு புளித்துப் பொங்குவது போல வயிறே புளித்துவிடும். அந்த அமிலம் இரத்தத்தில் கலக்கும். அரை நாள் முதல் ஒன்றரை நாளுக்குள் ஆடு சோர்ந்து நிற்கும், அசைபோடாது, பல்லை நறநறவென்று கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும், பிறகு எழுந்திருக்காது. கல்யாண வீட்டுக்குப் பின்புறம் கொட்டிய எச்சில் இலைச் சோற்றைத் தின்ற ஆடுகள், மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கல் ஊட்டப்பட்ட ஆடுகள் என்று இந்த ஒரே காரணத்தால் செத்தவை எண்ணில் அடங்கா. “ஆச்சி தினமும் ஒரு பிடி சோறு வைப்பாரே” என்று நீங்கள் சொல்லலாம். ஒரு பிடி பழகிய ஆட்டுக்கு அந்த ஒரு பிடி கெடுதல் செய்யாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பிடி என்பது உங்கள் வீட்டில் ஆள் ஆளுக்கு ஒரு பிடியாகி நான்கு பிடியாகிவிடும். மூன்று வாரத்துக்கு அந்த வழக்கத்தையே நிறுத்திவிடுவது நல்லது. சோறு கிடைக்காததால் எந்த ஆடும் மெலிவதில்லை.

அப்படியானால் என்ன போடுவது? நம் பக்கத்து இரண்டு வயதுக் கிடா, அது ராமநாதபுரம் வெள்ளையாக இருந்தாலும் கலப்பாக இருந்தாலும், ஏறக்குறைய முப்பதிலிருந்து முப்பத்தைந்து கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதற்கு ஒரு நாளைக்கு மூன்று முதல் நான்கு கிலோ பசுந்தீனி வேண்டும். புல்லும் மரத்தழையும் கலந்து இருப்பது சிறப்பு. அகத்தி, பூவரசு, கொடுக்காப்புளி, வாகை, வேம்பு எல்லாம் ஆகும். இதோடு காய்ந்த கடலைக்கொடி கிடைத்தால் வாங்கி வையுங்கள். அறுவடை முடிந்த வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். மழை விடாமல் பெய்து தழை ஒடிக்கப் போக முடியாத நாட்களில் அதுதான் கைகொடுக்கும். ஆச்சி தவிடோ பருப்புப் பொட்டோ பிண்ணாக்கோ கொடுக்கும் வழக்கம் இருந்தால், அதே பொருளை அதே அளவில் தொடருங்கள். இருநூறு, இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் போக வேண்டாம். அந்தத் தீனியை மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஆச்சியிடமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்துபோய்க் கடையில் வேறு வகை வாங்கி மாற்றுவதுதான் பலர் வீட்டில் நடக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதில் கொஞ்சம் குறைத்துப் புதியதில் கொஞ்சம் கூட்டி மாற்ற வேண்டும். தண்ணீர் எப்போதும் எதிரில் இருக்கட்டும். காலையும் மாலையும் பாத்திரத்தைக் கழுவி மாற்றுங்கள். செம்மறி அழுக்குத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாகத்தோடு நிற்கும் பிராணி.

கிடா என்பதால் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் ஆட்டின் மூத்திரக்குழாய் குறுகலானது, வளைந்து நெளிந்து போவது. தவிடும் தானியமும் மிகுந்தால் அவற்றில் உள்ள பாஸ்பரஸ் காரணமாகச் சின்னச் சின்னக் கற்கள் உண்டாகி அந்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். குட்டியிலேயே காயடித்த கிடாவுக்கு இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் அதன் குழாய் முழுதாக விரிந்து வளர்ந்திருக்காது. கிடா முதுகை வளைத்து முக்கிக்கொண்டு நிற்கிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, வாலை ஆட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் பலர் அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுகிறார்கள். மூத்திரம் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையை “சத்துதானே” என்று ஆட்டுக்கும் ஒரு கரண்டி வைக்காதீர்கள். அதில் உள்ள தாமிரத்தை மாடு தாங்கும், வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் கல்லீரல் தாமிரத்தைச் சேர்த்துச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு நாள் மொத்தமாக இரத்தத்தில் விட்டுவிடும்.

விஷச்செடிகளில் நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து அரளி. காட்டில் மேயும் ஆடு பெரும்பாலும் அதைத் தொடாமல் கடந்துபோகும். வீட்டில் கட்டிப்போட்ட செல்ல ஆடு அப்படி அல்ல, எட்டியதைக் கடிக்கும். பூஜைக்கென்று கிணற்றடியில் செவ்வரளியோ மஞ்சள் அரளியோ வைக்காத வீடு செட்டிநாட்டில் குறைவு. சாமி படத்தில் இருந்து இறக்கிய வாடிய மாலையைக் குப்பையில் போடாமல் “ஆட்டுக்காவது ஆகட்டும்” என்று போடுகிறவர்களும் உண்டு. அரளி இதயத்தை நிறுத்தும். காய்ந்தாலும் அதன் விஷம் போவதில்லை. கோயில் மாலை எதுவும் கிடாவின் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஊருணிக் கரையில் ஊதாப் பூவோடு மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆமணக்கு விதை, உண்ணிச்செடி, ஊமத்தை, மரவள்ளி இலை, இளம் சோளப்பயிர் ஆகியவையும் வேண்டாம். சீமைக்கருவேலக் காய் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அது தீனிதான், இனிப்பாக இருப்பதால் ஆடு விரும்பித் தின்னும், அளவோடு தின்றால் கெடுதல் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் அதையே வயிறு நிரம்பத் தின்ற ஆடுகளுக்கு வயிறு கட்டிக்கொள்வதும் தாடை நடுங்குவதும் உண்டு. உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்றால் விடுங்கள், கூடையில் அள்ளி வந்து கொட்டாதீர்கள்.

ஆச்சி விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் வேலை தொடங்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம் முன்னதாக, ஆச்சி வீட்டில் இருக்கும்போதே, காலைத் தீனியையாவது உங்கள் கையால் வைக்கத் தொடங்குங்கள். செம்மறி மந்தமான பிராணி என்பது வீண்பழி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே உள்ள பாப்ரகாம் ஆய்வு நிறுவனத்தினர் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், செம்மறிகள் ஐம்பது ஆட்டு முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நினைவில் வைத்திருந்தன. மனித முகங்களையும் அவை பிரித்தறியும். முகமும் குரலும் கையின் மணமும் பழகிவிட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. புட்டிப்பாலில் வளர்ந்த கிடாவுக்கு ஆச்சிதான் மந்தை. முதல் இரண்டு நாள் அது கத்தும், வாசலைப் பார்த்து நிற்கும், தீனியில் பாதியை விடும். இதை எதிர்பார்த்திருங்கள்.

அந்த ஒரு வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் (வேகமாகப் பரவும் வைரஸ் நோய்) துள்ளுமாரிக்கும் (குடலில் நஞ்சு பெருகும் நோய்) தடுப்பூசி எப்போது போடப்பட்டது? ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காக்கும். துள்ளுமாரி அப்படி அல்ல, ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் போட வேண்டும். நீங்கள் பொறுப்பேற்பதோ ஐப்பசியில். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற நல்ல கொழுத்த ஆடுதான் துள்ளுமாரியில் திடீரென்று துள்ளி விழுந்து சாகும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். போடவில்லை என்றால் ஆச்சியை இப்போதே கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள், புறப்படுகிற அன்று போட்டால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் காப்பில்லாமல் போய்விடும். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது, எந்த மருந்து என்பதையும் எழுதி வாங்குங்கள். நீங்களாக ஒரு மருந்தும் கொடுக்க வேண்டியிருக்காது. மருத்துவர் கேட்கும்போது சொல்வதற்குத்தான்.

நலமாக இருக்கும் கிடா எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நோயுற்ற கிடாவை அடையாளம் காண முடியும். ஆச்சி இருக்கும் நாட்களிலேயே இதைப் பார்த்துப் பழகுங்கள். இடது பக்கம், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழிவு இருக்கும், அதைப் பசிக்குழி என்பார்கள். காலையில் குழிந்தும், மேய்ந்த பிறகு நிரம்பியும் இருப்பது இயல்பு. அங்கே உள்ளங்கையை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஓரிரு முறை வயிறு உருண்டு அசைவது கைக்குத் தெரியும். இந்த ஒரு சோதனை, புத்தகத்தில் உள்ள பத்துச் சோதனைகளுக்குச் சமம். தின்று முடித்துப் படுத்தபின் கண்ணை அரைவாசி மூடி அசைபோட வேண்டும். புழுக்கை தனித்தனியாக, பளபளப்பாக விழ வேண்டும். கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். காகிதம்போல் வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகிக்கலாம். நிழலில் அமைதியாக இருக்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை. நல்ல வெயிலில் இது பல மடங்கு கூடும், அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உடல்வெப்பம் 102 முதல் 103.5 ஃபாரன்ஹீட் வரை இருக்கும். மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று பதறி மாத்திரை கரைத்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, ஆசனவாய் வழியாகப் பாருங்கள். அதன்மேல் ‘ஆடு’ என்று எழுதி ஒட்டிவைப்பது உங்கள் குடும்பத்துக்கு நல்லது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. முதல் நாட்களில் கிடா தின்னாமல் நின்றால் அது ஏக்கமா, நோயா? இதைத் தொலைவில் இருந்து என்னால் சொல்ல முடியாது, பக்கத்தில் நின்றாலும் உடனே சொல்வது எளிதல்ல. நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். ஏங்கும் ஆடு கத்தும், காதை நிமிர்த்தி ஆளைப் பார்க்கும், தழையில் கொஞ்சமாவது கடிக்கும், படுத்தால் அசைபோடும். நோயுற்ற ஆடு பெரும்பாலும் கத்தாது. தலையைத் தொங்கவிட்டு மூலையைப் பார்த்து நிற்கும், அசை நின்றிருக்கும். கத்துகிற கிடாவைவிட அமைதியாகிவிட்ட கிடாவைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். எதுவாக இருந்தாலும் ஒரு முழு நாள் தீனியைத் தொடவே இல்லை என்றால் ஏக்கம் என்ற பேச்சை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆச்சி வீடியோவில் கூப்பிட்டுப் பேசினால் கிடா ஆறுதல் அடையுமா என்று கேட்பீர்கள். ஆச்சி ஆறுதல் அடைவார், அது உறுதி.

மழைக்கு வீட்டுக்குள் கட்டலாமா என்றால், கட்டலாம், ஆனால் எந்த இடம் என்று பார்க்க வேண்டும். வீட்டின் உட்பகுதியான பட்டாலையிலும் வளவிலும் ஆத்தங்குடிக் கல் (வழவழப்பான தரை ஓடு) பதித்திருந்தால் அங்கே வேண்டாம். துடைத்துத் துடைத்துக் கண்ணாடிபோல் ஆகியிருக்கும் அந்தத் தரையில் ஈரக் குளம்போடு நின்றால் கால் இரண்டு பக்கமும் விரிந்து தொடைத் தசை கிழிந்துவிடும். பின்கட்டில் கருங்கல் பாவிய இடமோ மண்தரையோ இருந்தால் அதுவே போதும். மேலே கூரை, கீழே ஈரமில்லாத தரை, ஒரு பக்கம் காற்று, இவ்வளவுதான் அதன் தேவை. வேறு இடம் இல்லை என்றால் தடித்த சாக்குகளை விரித்து, தினமும் மாற்றுங்கள். ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும். மாலையில் வேப்பிலை மூட்டம் போடுவது நல்ல பழக்கம். மழைக்காலத்தில் செம்மறிக்கு வரும் நீலநாக்கு நோயைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சிகள்தான். மூட்டம் அவற்றை விரட்ட உதவும், அது மட்டுமே போதும் என்று சொல்ல மாட்டேன். உதடும் முகமும் வீங்கி, எச்சில் ஒழுகி, நொண்டினால் உடனே காட்டுங்கள்.

கயிறு விஷயம். சுருக்குக் கயிறு வேண்டவே வேண்டாம். இழுத்தால் இறுகாத முடிச்சோ தோல் பட்டையோ போடுங்கள். மரம், கம்பிவேலி, கிணற்றுச் சுவர் இவற்றுக்கு அருகே முளை அடிக்காதீர்கள், சுற்றிச் சுற்றி வந்து தன்னையே இறுக்கிக்கொள்ளும். கட்டிவிட்டு ஆள் இல்லாமல் போவதும் கூடாது. கட்டுண்ட ஆட்டுக்குத் தெருநாய் எமன். ஊருக்குள் நான் தைத்த காயங்களில் பெரும்பகுதி நாய்க்கடிதான். நாய் கடித்துவிட்டால், காயம் சிறியது என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று தீபாவளி. மூன்று வாரத்துக்குள் அது வந்துவிடும். முதல் வெடி கேட்டதும் கிடா கயிற்றை அறுக்கும் அல்லது கயிறு அதன் கழுத்தை அறுக்கும். முந்தின நாள் மாலையே பின்கட்டு அறை ஒன்றில், கயிறில்லாமல், கதவைச் சாத்தி விட்டுவிடுங்கள். கொஞ்சம் காய்ந்த கொடியும் தண்ணீரும் போதும். அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் முறுக்கும் அதிரசமும் இருக்கும். கிடாவை நீட்டிய கையெல்லாம் தீனி வைக்கும் கை என்று ஆச்சி பழக்கியிருப்பார். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இதற்கும் சேர்த்துத்தான். இறைச்சி விலை ஏறும் அந்த நாட்களில் ஆட்டுத் திருட்டும் நடக்கும். வாசல் திண்ணையில் இரவு கட்டாதீர்கள். இப்போதே நாலு பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காதில் துளையோ வெட்டோ அடையாளம் இருந்தால் அதையும் தனியாகப் படம் எடுங்கள்.

மகன் விளையாட்டுக்கு வருவோம். இங்கே நான் கண்டிப்பாகவே பேசுவேன். மந்தையில் வளர்ந்த கிடாவுக்கு மனிதன் என்றால் ஒரு தயக்கம் உண்டு. கையில் வளர்ந்த கிடாவுக்கு அது கிடையாது. மனிதனையும் இன்னொரு ஆடாகத்தான் நினைக்கும், இன்னொரு கிடாவிடம் காட்டும் வீரத்தை நம்மிடமும் காட்டும். சின்னக் குட்டியாக இருந்தபோது நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாடிய பழக்கம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கிடாமுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முதலில் நாலடி பின்வாங்கும், தலையைத் தாழ்த்தும், பிறகுதான் பாயும். பின்வாங்குவதைப் பார்த்து “பயந்துவிட்டது” என்று சிரிக்கும் குழந்தையின் நெஞ்சு உயரத்தில்தான் அந்த மோதல் வந்து விழும். பையன் கிடாவின் கன்னத்தையும் கழுத்தின் அடிப்பக்கத்தையும் சொறிந்துவிடலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நெற்றியையும் கொம்பையும் தொடக்கூடாது. நீங்களும் தீனிப் பாத்திரத்தைக் குனிந்து வைத்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள். தலை தாழ்ந்தால் ஒரு பக்கமாக விலகிவிடுங்கள். நேராக ஓடினால் துரத்தும். ஆச்சியை அது முட்டியதே இல்லை என்று சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் ஆச்சி இல்லை.

நோய் என்று வந்தால் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தின் எண்ணையும், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான 1962 என்ற கட்டணமில்லா எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். மூங்கில் குழாயில் மருந்து ஊற்றும் பழைய வழக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. தலையை வானம் பார்க்கத் தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், முதலில் வந்த நோயை விட அதுவே கொல்லும். இடது வயிறு பறைபோல் உப்பி மூச்சு வாங்கினால், முன்னங்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள், மருத்துவருக்குச் சொல்லுங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் ஐம்பது மில்லி கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். இளம்புல் தின்று நுரைத்து வந்த உப்புசத்துக்கு இது பயன்படும். தொண்டையில் ஏதாவது அடைத்து வந்த உப்புசத்துக்கு எண்ணெயால் பயனில்லை. எது எது என்று பார்த்தால்தான் தெரியும். வெற்றிலையும் மிளகும் இஞ்சியும் இடித்துக் கொடுப்பதை நான் தடுத்ததில்லை, சாதாரண மந்தத்துக்கு அது கேட்பதுண்டு. சோறு தின்று புளித்த வயிற்றுக்கு அதை நம்பி ஓர் இரவைக் கழிக்கக் கூடாது. மற்றபடி, பார்க்காத ஆட்டுக்கு நான் இங்கிருந்து மருந்துப் பெயர் எதுவும் சொல்வதாக இல்லை.

பொறுப்பு யாருடையது என்பதற்கு வருகிறேன். சட்டம் என் தொழில் அல்ல. ஆனால் இந்த வழக்குகளில் சான்று எழுதிக் கொடுத்த அளவுக்குத் தெரியும். ஒருவர் உடைமையை இன்னொருவர் பாதுகாப்பில் விடுவது பற்றி 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பேசுகிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாகப் பார்ப்பாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது பிரிவு 151. அந்தக் கவனத்தோடு இருந்தும் இழப்பு வந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை, பார்த்துக்கொண்டவர் பொறுப்பல்ல என்கிறது 152. கூலி வாங்காமல் பார்த்துக்கொண்டால் அதற்கு ஆன தேவையான செலவை உடைமையாளர் தர வேண்டும் என்பது 158. சுவையான பிரிவு 163: ஒருவர் பசுவை இன்னொருவரிடம் விட்டுப் போக, அது கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்பித்தர வேண்டும் என்று சட்டமே உதாரணம் சொல்கிறது. நம் ஊரில் ஆட்டை வாரத்துக்கு, அதாவது பங்குமுறையில் வளர்க்க, விட்டால் குட்டியில் பங்கு உண்டு. அது முன்கூட்டியே பேசிக்கொண்ட ஒப்பந்தம், இதுவோ வேறு. கிடாவுக்கு இந்தப் பிரிவு உதவாது, ஆனால் பெட்டை ஆட்டை ஏற்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அண்டைவீட்டில் யாரும் வழக்குக்குப் போகப்போவதில்லை. ஆகவே சட்டத்தைவிட ஒரு வாட்ஸ்அப் செய்தி உதவும். மருத்துவச் செலவுக்கு எவ்வளவு வரை கேட்காமலே செய்யலாம், அறுவை சிகிச்சை என்றால் என்ன செய்வது, ஆச்சியைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யாரிடம் கேட்பது என்ற மூன்றையும் ஆச்சியோ அவர் மகளோ எழுதி அனுப்பட்டும். கோலாலம்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. நமக்கு இரவு பத்தரை என்றால் அங்கே ஒரு மணி, பிரசவ வீட்டில் அந்த நேரத்தில் யாரும் போனை எடுக்காமல் போகலாம். அன்றாடம் மாலை ஒரு படம், என்ன தின்றது, புழுக்கை எப்படி என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். எல்லாம் கடந்து கிடா இறந்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல்லுங்கள், அரசுக் கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் பிணப்பரிசோதனை செய்து காரணம் எழுதிக் கொடுத்தால் சந்தேகத்துக்கு இடம் இராது. திடீரென்று செத்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் யாரும் கத்தி வைக்கக்கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். செத்த ஆட்டை “வீணாகிறதே” என்று கறிக்குக் கேட்டு வருகிறவருக்கும், எந்தக் காரணத்தில் செத்திருந்தாலும், கொடுக்காதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே முறை.

கிடா காயடித்ததா இல்லையா, இப்போது தவிடு எவ்வளவு தின்கிறது, துள்ளுமாரி ஊசி போட்ட மாதம் எது, பகலில் மேயப் போகுமா அல்லது முழு நேரமும் கட்டிலேயே நிற்குமா? இந்த நான்கையும் உங்கள் கேள்வியில் எழுதவில்லை. ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். தீனி அளவை அதற்கேற்பத் திருத்திச் சொல்கிறேன்.